கொட்டிவாக்கத்துக் கயித்துக் கூடையும் எங்க வீட்டு விதைக் கோட்டையும்

போன வாரம் கொட்டிவாக்கத்துல மக வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனோட விளையாட்டுச் சாமான் எல்லாம் ஒரு கூடையில கிடந்தது. பருத்திக் கயித்தை வட்டமாச் சுத்தி, ஒண்ணு மேல ஒண்ணா வச்சுத் தைச்ச கூடை. "நானே செஞ்சதுப்பா, ஊசியும் கயிறும் இருந்தாப் போதும்"னா. நல்லாத்தான் செஞ்சிருந்தா. "உங்க தாத்தா தையலே போடாம கட்டுவார், அதுல நெல்லே நிக்கும்"னேன். அவ பார்த்ததில்ல. அவ பொறக்கிறதுக்கு முன்னாடியே அது நின்னு போச்சு.

எங்க ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணிப் பாசனம். விதைநெல்லை வைக்கோல் பிரியால கட்டி வைக்கிறதுக்கு அங்க கோட்டைன்னு பேர். அளவுக்கும் அதே பேர்தான்: 21 மரக்கால் ஒரு கோட்டை. அவ்வளவு விதை விழுற நிலம் ஒரு கோட்டை விதைப்பாடு. பழைய பத்திரம் வச்சிருக்கிற திருநெல்வேலிக்காரங்க எடுத்துப் பாருங்க, நிலத்தை இப்படித்தான் எழுதியிருப்பாங்க.

கையால அடிச்ச நீளத் தாள்தான் கோட்டைக்கு ஆகும். மாடு மிதிச்ச வைக்கோல் நொறுங்கிரும். தாள்ல தண்ணி தெளிச்சு, அப்பா உக்காந்து ஊட்டிக்கிட்டே இருப்பார். நான் முறுக்கிக்கிட்டே பின்னால நடக்கணும். எத்தனையோ தடவை வரப்புல இடறி விழுந்திருக்கேன். பிரியைக் குறுக்கும் நெடுக்குமாத் தரையில போட்டு, மேல தாளை விரிச்சு, நடுவுல நெல்லைக் கொட்டுவார். வெயில்லயும் பனியிலயும் காய்ஞ்ச நெல்லு, கூட நொச்சி இலை. தாளை மடிச்சு மூடி, காலால மிதிச்சு மிதிச்சுப் பிரியை இறுக்கிச் சுத்தினா பெரிய பந்து மாதிரி வந்துரும். அதுக்கு மேல சாணியும் களிமண்ணும் பூசுவார். பூச்சி உள்ள போகாது, உள்ள இருக்கிற ஈரத்தை வைக்கோல் உறிஞ்சிக்கும். விதைப்பு வந்தா பிரிக்கிறதே இல்ல, கோட்டையோட வாய்க்கால்ல ஊறப் போட்டுருவோம்.

மங்களூர்ப் பக்கம் துளு நாட்டுல இதையே முடின்னு சொல்றாங்க. ஜப்பான்ல தவரா. டிவியில சுமோ மல்யுத்தம் பார்த்திருப்பீங்க, அந்த வட்டத்தோட விளிம்பு இதே மாதிரி நெல் வைக்கோல்ல கட்டுனதுதான்.

சாக்கு வந்துதான் கோட்டை போச்சுன்னு சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணல. விக்கிற நெல்லுக்கு எங்க தாத்தா காலத்துலயே சாக்கு இருந்தது. விதை மட்டும் கோட்டையிலதான் இருந்தது. போனது தாள். பழைய நெல் ஆளுயரம் நிக்கும், உரம் போட்டா சாய்ஞ்சிரும். அதுக்குத்தான் இந்தோனேசியாவோட நெட்டை நெல்லையும் தைவானோட குட்டை நெல்லையும் சேர்த்து ஐஆர் 8 உண்டாக்கினாங்க. அது பிலிப்பைன்ஸ்ல இருந்து 1966ல வந்தது. எங்க அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து 1986ல அம்பை 16 வந்தது. அதுவும் குட்டைதான். எங்க வயல் முழுக்க அது வந்த வருஷமே அப்பா கோட்டை கட்டுறதை விட்டுட்டார். குட்டைத் தாள்ல பிரி நிக்காது, முறுக்க முறுக்க உருவிக்கும். குறை சொல்லல, மூணு வேளையும் நாங்க சோறு பார்த்தது அந்த நெல்லுலதான். பின்னால அறுவடை மிஷின் வந்து, இருந்த தாளையும் நசுக்கிப் போட்டுருச்சு.

மூணு வருஷம் முன்னாடி பிளாஸ்டிக் சாக்குல வச்ச என் விதை புழுங்கி, பாதிக்கு மேல முளைக்கல. அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. போன பிசானத்துல 10 சென்ட்ல மாப்பிள்ளைச் சம்பா போட்டேன். அரிவாளால அறுத்து, கையால அடிச்சேன். பிரி நல்லா வந்தது. ஆனா சுத்து இறுக்கி முடி போடுற இடத்துல கை நின்னு போச்சு. எத்தனை தடவை பக்கத்துல நின்னு பார்த்திருப்பேன், அந்த முடியை மட்டும் கவனிக்கவே இல்ல. தெருவுல 80 வயசுப் பெரியவர் ஒருத்தர் வந்து, "கயித்தை உள்ளாற விட்டு வெளிய எடுய்யா"ன்னு ஒரே தடவையில காட்டிட்டுப் போனார். அந்த விதை முளைச்சது.

மக இதையெல்லாம் கேட்டுட்டு, அடுத்த தடவை வரும்போது ஒரு கட்டுத் தாள் கொண்டு வாங்கப்பாங்கறா. ரயில்ல ஏத்த விடுவாங்களான்னு விசாரிக்கணும்.