போருக்குப் பின் நல்லூர்

ஒரு நாட்டின் வரலாற்றைப் படிப்போர் பெரும்பாலும் போர்க்களத்தோடு ஏட்டை மூடிவிடுகின்றனர். வென்றவர் யார், தோற்றவர் யார் என்று அறிந்ததும் கதை முடிந்ததாக எண்ணுகின்றனர். ஆனால், போர் முடிந்த மறுநாளும் அடுப்பு மூட்ட வேண்டும். பிள்ளைக்குப் பெயரிட வேண்டும். இறந்தவருக்குக் கடன் கழிக்க வேண்டும். அம்மறுநாளின் வரலாறே மக்களின் வரலாறு. அந்நோக்கில் நல்லூரின் வரலாற்றைச் சிறிது ஆராய்வாம்.

நல்லூர் யாழ்ப்பாண அரசின் இராசதானியாய் விளங்கியது. 1619ஆம் ஆண்டில் பிலிப் தெ ஒலிவேறா என்னும் போர்த்துக்கேயத் தளபதி அவ்வரசைக் கைப்பற்றினான். சங்கிலி குமாரன் சிறைப்பட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். தஞ்சையின் துணையோடு எழுந்த கிளர்ச்சிகளும் அடக்கப்பட்டன. 1621இல் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. ஆட்சிப்பீடமும் கடலோரத்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறிற்று. அரசையும் கோயிலையும் ஒருங்கே இழந்த நல்லூர் சிற்றூராய்ச் சுருங்கிற்று.

1658இல் ஒல்லாந்தர் வந்தனர். அவர்தம் கைக்கருவி வாளன்று, தோம்பு. கோயிற்பற்றுத் தோறும் தேவாலயமும் பாடசாலையும் ஒன்றாய் இயங்கின. ஞானஸ்நானமும் விவாகமும் அங்கேதான் பதியப்பட்டன. பதிவில்லாதவருக்கு விவாக உரிமையும் முதுச உரிமையும் ஐயத்துக்கிடமாயின. பாடசாலைக்கு வாராத பிள்ளைகளுக்காகத் தண்டப் பணமும் அறவிடப்பட்டது. எனவே, காணியைக் காக்க விரும்பியவர் தோம்பிற் பெயர் எழுதுவித்தனர். வீட்டுக்குள்ளே முன்னோர் வழி நின்றனர். விரத நாளில் உண்ட வாழையிலையை அயலார் காணாவண்ணம் கூரையிறப்பிற் செருகி மறைத்தனர் என்பது கன்னபரம்பரை. கோபுரம் இல்லாத காலத்திற் குசினியே கோயிலாயிற்று. விரத நாட்களைக் கணக்கு வைத்திருந்த பெண்களே அதன் குருக்களாயினர் என்று கூறினும் மிகையாகாது.

இவ்விடத்து மற்றோர் உண்மையையும் மறைத்தலாகாது. ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்தர், ஆதலால் அவர் காலத்திற் கத்தோலிக்க சமயமும் தடைக்குட்பட்டது. முன்பு ஆளுவோரின் சமயத்தவராய் இருந்தோர் இப்போது ஒளிந்து வழிபட்டனர். 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசவ் வாஸ் அடிகள் இரவலர் கோலத்திற் குடாநாட்டில் உலாவி, சில்லாலையிலே தங்கி, இரவு வேளைகளிற் பூசை செய்தார். பின்னர் அவருக்குச் சமயப் பணிபுரியும் உரிமையை அளித்தவன் கண்டியை ஆண்ட பௌத்த மன்னன். அவ்வடிகள் 2015ஆம் ஆண்டிற் கொழும்பிலே புனிதராகப் பிரகடனஞ் செய்யப்பட்டார். சைவன் இலையை ஒளித்த அதே மண்ணிற் கத்தோலிக்கன் செபமாலையை ஒளித்தான். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் காண்பவனுக்கே அக்காலம் முழுமையாய் விளங்கும்.

காலஞ் செல்லச் செல்ல ஆட்சியாளரின் பிடி தளர்ந்தது. ஊர் வழக்கை அறியாமல் ஊரை ஆள இயலாதென்று கண்ட ஒல்லாந்தர், 1707இல் தேசவழமையைத் தொகுப்பித்தனர். கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த அதனைப் பன்னிரு முதலிமார் பார்வையிட்டனர். 1734இல் நல்லூரிற் கந்தசுவாமி கோயில் மீண்டும் எழுந்தது. அதனை அமைத்தவர் ஒல்லாந்தர் கச்சேரியிற் சிறாப்பராய் இருந்த தொன் யுவான் இரகுநாத மாப்பாண முதலியார். 'தொன் யுவான்' கச்சேரிக்குரிய பெயர்; 'இரகுநாதர்' வீட்டுக்குரிய பெயர். ஒருவர் தாங்கிய அவ்விரு பெயர்களுள் ஒரு நூற்றாண்டின் வரலாறு முழுவதும் அடங்கிக் கிடக்கிறதன்றோ?

இவ்வரலாற்றை வெறும் பெருமையாகப் பேசி நிறுத்துதல் நேர்மையாகாது. ஊரார் தம் வழமையென்று எழுதுவித்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள. இலங்கையில் அடிமைமுறை 1844இலேதான் ஒழிக்கப்பட்டது. அந்நியன் நம் கோயிற் கதவை அடைத்தான் என்று வருந்திய சமூகமே, தன் மக்களுள் ஒரு சாராருக்கு அதே கதவை அடைத்து வைத்தது. 1968இல் மாவிட்டபுரத்திற் கோயிற் பிரவேசத்துக்காகப் போராட்டம் நிகழவேண்டியிருந்தது. இடிக்கப்பட்ட மதிலை மீளக் கட்டுவது எளிது. உள்ளத்திற் கட்டிய மதிலை இடிப்பதே அரிது.

மிஷன் கல்லூரிகளிற் பயின்ற எம்மனோர் வேதாகமமும் படித்தோம், தேவாரமும் ஓதினோம். ஒன்று மற்றொன்றை அழித்துவிடவில்லை. கட்டாயத்தால் வந்த சமயம் பதிவேட்டில் மட்டும் நின்றது. அன்பினாற் பற்றிய சமயம் அரசுகள் மாறியும் நிலைத்தது. நல்லூரின் மறுநாள் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

2009இல் முடிந்த போருக்குப் பின்னரும் நம் சிற்றூர்கள் பல அத்தகைய மறுநாளையே கண்டன. கோபுரங்கள் மீண்டும் எழுதல் நன்று. அவற்றின் வாயிலில் எவரும் தயங்கி நில்லாதபடி செய்தல் அதனினும் நன்று. அது வாலிபராகிய நம் கடன்.