பழைய உழவியந்திரமும் பனி மூடிய ஒழுங்கையும்

பனி என்றவுடன் ஈழத்துத் தமிழர் நினைவில் எழுவது மார்கழி வைகறையிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே. அதற்குப் பாரமில்லை, ஞாயிறு எழுந்ததும் அது மறைந்துவிடும். வட அமெரிக்காவின் வடபாகத்துக் கமக்காரனுக்கோ பனி என்பது வாரி அப்புறப்படுத்தவேண்டிய ஒரு சுமை. இலங்கைப் புவியியற் பாடநூல்கள் மழைப்பனி என வேறுபடுத்திக் கூறும் அப்பொருள், புதிதாய் வீழ்ந்த நிலையில் நீரின் பாரத்திற் பத்திலொரு பங்கே உடையதெனக் கொண்டாலும் கணக்கு எளிதன்று. பெருவீதியிலிருந்து வீட்டுக்குச் செல்லும் ஒழுங்கை 100 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் உடையதாயின், ஓரிரவில் 30 சதமமீற்றர் பனி பொழிந்தால் விடியும்போது அங்கே கிடப்பது ஏறக்குறைய 9 தொன். காற்று அள்ளிக் குவித்த பனியாயின் அதனிலும் மிகுதி. நியூயோர்க் மாநிலத்தில், ஒன்ராறியோ ஏரிக்குக் கிழக்கேயுள்ள டக் ஹில் மேட்டுநிலத்தில், ஆண்டொன்றுக்கு 200 அங்குலத்துக்கு மேற் பனி பொழியும் இடங்கள் உள. கனடாவிற் குடியேறிய யாழ்ப்பாணத்தவர் பலர் இக்கணக்கைத் தம் தோள்களால் அறிந்திருப்பர்.

ஆயினும், பனியைப் பாதையிலிருந்து அகற்றவேண்டும் என்னும் எண்ணம் அந்நாட்டு நாட்டுப்புறங்களில் நெடுங்காலம் எழவில்லை. குதிரை பூட்டிய சறுக்குவண்டிகள் ஓடிய காலத்திற் பனி தடையன்று, அதுவே பாதை. வேர்மொண்ட் முதலிய நியூ இங்கிலாந்து மாநிலங்களில் ஊரவர் குளிர்காலத்திற் செய்த வீதிப்பணி பனியை வாருதலன்று, அமுக்குதல். மரத்தாலான பேருருளைகளைக் குதிரைகள் பல கூடி இழுத்துச் செல்ல, அவற்றின் அடியிற் பனி இறுகிச் சறுக்குவண்டிக்கு ஏற்ற தளமாயிற்று. கூரை வேய்ந்த மரப்பாலங்களின் உள்ளே பனி வீழாதாகையால், வண்டி வெறும் பலகையில் உராய்ந்து நின்றுவிடாதபடி வெளியிலிருந்து பனியை வாரிவந்து பாலத்துக்குள் பரப்புவதும் வழக்கமாயிருந்தது. பனியைத் தேடிக் கொண்டுவந்து பாதையில் இட்ட அம்மக்களின் பேரப்பிள்ளைகளே பின்னர் அதே பனியைப் போக்குதற்கு விடியுமுன் எழவேண்டியவராயினர்.

இம்மாற்றத்தை விளைவித்தது மோட்டார் வண்டி. தொடக்கத்தில் அவ்வண்டியைக் குளிர்காலம் முழுவதும் கொட்டிலில் நிறுத்திவிட்டுக் குதிரைக்கு மீண்டவர் பலர். 1920களில் மாநில அரசுகளும் ஊர்ச்சபைகளும் வீதிகளை ஆண்டு முழுவதும் திறந்து வைத்திருக்கத் தொடங்கின. நியூயோர்க் மாநிலத்துக் கிளேற்றன் என்னும் ஊரிற் கார்ள் பிறிங்க் என்பவர் பாரவண்டிகளின் முன்புறத்திற் பூட்டும் பனிக் கலப்பைகளைச் செய்து விற்றதும் இக்காலத்தையொட்டியே. ஆனால் அரசாங்கத்தின் கலப்பை பெருவீதியோடு நின்றுவிடும். அஃது ஒவ்வொரு ஒழுங்கையின் வாயிலிலும் இறுகிய பனியால் ஒரு வரம்பு கட்டிவிட்டுச் செல்லும். அவ்வரம்புக்கு இப்பால் உள்ளது வீட்டுக்காரனின் பொறுப்பு. பால் எடுத்துச் செல்லும் வண்டி உள்ளே வரவும், பிணியாளனிடம் வைத்தியர் வந்து சேரவும் அவனே வழி செய்யவேண்டும்.

அவனிடம் உழவியந்திரம் ஒன்று இருந்தால் அதுவே இவ்வேலைக்குப் போதும் எனத் தோன்றலாம். அக்காலத்து உழவியந்திரங்கள் அதற்குப் போதியனவாயில்லை. 1917 முதல் பெருந்தொகையாய் வெளிவந்த போர்ட்சன் முதலிய இயந்திரங்கள் மாட்டுக்குப் பதிலாய் வந்தவை. மாடு இழுத்தவாறே அவையும் இழுத்தன. கருவி பின்னால் ஒரு கொழுவியில் தொங்கி இழுபட்டது. அதனைத் தூக்கவும் இயலாது. பின்னோக்கித் தள்ளவும் இயலாது. அன்றியும், கலப்பை மண்ணுக்குள் மறைந்திருந்த கல்லில் மாட்டிக்கொண்டால், சில்லுகள் சுழல முடியாமல் இயந்திரத்தின் முன்புறம் மேலெழுந்து, பின்னோக்கிப் புரண்டு, ஓட்டியவனை நசுக்கிவிடும். இவ்வாறு இறந்தோர் பலர்.

இக்குறையைத் தீர்க்க முனைந்தவர் ஹரி பேர்குசன். 1884இல் அயர்லாந்தின் டவுண் பகுதியில் ஒரு கமக்காரர் குடும்பத்திற் பிறந்தவர். 1909 டிசெம்பர் 31இல், தாம் கட்டிய விமானத்திற் பறந்து, அயர்லாந்தில் முதன்முதல் விமானம் ஓட்டியவர் எனப் பெயர் பெற்றவர். முதலாம் உலகப்போர்க் காலத்தில், 1917இல், உழவியந்திரங்களின் வேலையைச் சீர்செய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊரூராய்ச் சென்று பார்த்த அவர், கோளாறு இயந்திரத்தில் மட்டுமன்று, இயந்திரமும் கலப்பையும் பொருந்தும் இடத்திலேயே உள்ளது எனக் கண்டார். இஃது எளிய கருத்துப்போலத் தோன்றினும், அதனைச் செயற்படுத்த அவருக்கு இருபது ஆண்டுகள் சென்றன.

அவர் கண்ட அமைப்பு இதுவாகும்: கீழே இரு கோல்கள், மேலே ஒரு கோல் என மூன்று முனைகளிற் கருவி இயந்திரத்தோடு பிணைக்கப்படும். கீழ்க்கோல்கள் இழுக்கும், அவற்றை எண்ணெயின் அமுக்கத்தால் இயங்கும் உயர்த்தி ஒன்று தூக்கும். கலப்பை ஆழத்திற் செல்லுந்தோறும் மண்ணின் எதிர்ப்பு மேற்கோலை முன்னோக்கி அமுக்கும். அவ்வமுக்கம் ஒரு வாயிலைத் திறக்க, உயர்த்தி கலப்பையைச் சிறிது மேலே எடுக்கும்; கலப்பையின் பாரமும் அதன் மேலுள்ள மண்ணின் பாரமும் பின்சில்லுகளின்மேல் இறங்க, அவை நிலத்தை இறுகப் பற்றும். மேழி பிடித்த உழவனின் கை எருதின் இழுவையை உணர்ந்து அழுத்தியும் தளர்த்தியும் செய்ததை எண்ணெய் செய்யலாயிற்று என்றால் தவறாகாது. மேற்கோல் முன்னோக்கித் தள்ளுவதால், கல்லில் மாட்டினும் இயந்திரத்தின் முன்புறம் எழாது. வன்னி வயல்களில் மசி பேர்குசன் இயந்திரங்களைக் கண்டு வளர்ந்தோர் இம்மூன்று கோல்களையும் நன்கறிவர்.

1936இல் டேவிட் பிறவுண் என்பாரின் தொழிற்சாலையில் இவ்வமைப்புடைய இயந்திரம் உற்பத்தியாகத் தொடங்கிற்று; விற்பனை சிறிதே. 1938 ஒக்டோபரிற் பேர்குசன் அமெரிக்கா சென்று, டியர்போர்ணில் ஹென்றி போர்ட்டின் இல்லத்து நிலத்தில் அதனை உழுது காட்டினார். இருவரும் எழுத்தில் எதுவும் வரையாது, கைகுலுக்கி உடன்பட்டனர். அதன் பயனாய் 1939 ஜூன் 29இல் வெளிவந்ததே 9 என் என்னும் சாம்பல் நிற இயந்திரம். விலை 585 டொலர். பாரம் ஏறக்குறைய 2,300 இறாத்தல். சிறுகமக்காரன் வாங்கக்கூடிய விலையும், பெரிய இயந்திரத்தின் வேலையைச் செய்யும் திறனும் ஒருங்கே அமைந்தமையால் அது விரைவிற் பரவிற்று.

கைகுலுக்கல் நெடுநாள் நிலைக்கவில்லை. போர்ட்டின் பேரனார் நிருவாகத்தை ஏற்றபின் உடன்பாடு முறிந்தது. 1947இல் போர்ட் நிறுவனம் 8 என் என்னும் புதிய இயந்திரத்தை, அதே இணைப்போடு, பேர்குசனுக்குப் பங்கின்றி வெளியிட்டது. 1948இல் அவர் 25 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகை கேட்டு வழக்குத் தொடர்ந்தார். 1952 ஏப்ரிலில் 92 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு வழக்கு முடிவுற்றது. இதற்கிடையில் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1946 முதல் 1956 வரை அவருடைய டீஈ 20 இயந்திரங்கள் ஐந்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயின. அவ்வினத்தைச் சேர்ந்த மூன்று, சங்கிலித்தடம் பூட்டப்பெற்று, எட்மண்ட் ஹிலரியின் குழுவினரை 1958 ஜனவரி 4இல் தென்முனைக்குக் கொண்டு சேர்த்தன என்பதை இங்கு நினைவுகூரலாம். அவை பனியை அகற்றவில்லை, பனியின்மேல் ஏறிச் சென்றன; அது வேறு கலை.

அமெரிக்காவில் 1939 முதல் 1952 வரை வெளிவந்த போர்ட் இயந்திரங்கள் எட்டு இலட்சத்துக்கும் மேல். பெரிய கமங்கள் பின்னர் வலுமிக்க இயந்திரங்களை நாடின. வயலில் ஓய்வுபெற்ற சாம்பல் நிற இயந்திரங்களோ கொட்டிலிற் கிடந்தன. அவற்றின் பின்புறத்தில் மூன்று முனைகள் இருந்தன. 5 அல்லது 6 அடி நீளமான வளைந்த இரும்புத் தகடொன்றை அம்முனைகளிற் பூட்டினாற் போதும், பனி வாரும் இயந்திரம் கிடைத்துவிடும். தகடோ நிலம் திருத்தவும், வரம்பு கட்டவும், சரளைப் பாதையைச் சமன்செய்யவும் எழுந்த கருவி. அதனைத் தூக்கலாம், இறக்கலாம், சரித்துப் பூட்டிப் பனியை ஒருபக்கம் ஒதுக்கலாம், முன்பின்னாய்த் திருப்பிப் பின்னோக்கித் தள்ளலாம். கொழுவியில் இழுபட்ட பழைய கருவிகளால் இவற்றில் ஒன்றும் இயலாது.

ஆனால் மண்ணுக்கென ஆக்கப்பட்ட அமைப்புப் பனியிடம் வரும்போது அதன் பெருமை பாதி குறைந்துவிடுகின்றது என்பதையும் மறைத்தலாகாது. கலப்பையின் கொழு தானே மண்ணுக்குள் இறங்கும் இயல்புடையது, தகட்டுக்கு அவ்வியல்பில்லை. உயர்த்தி மேலே தூக்குமேயன்றிக் கீழே அழுத்தாது. ஆகவே இறுகி உறைந்த பனியின்மேல் தகடு தன் பாரத்தை மட்டும் நம்பி வழுக்கிச் செல்லும். மென்பனியில் மேற்கோல் அமுங்குவது மிகக் குறைவாதலின், பின்சில்லுக்குப் பாரஞ் சேர்க்கும் அந்த அற்புதமும் பெரிதும் நிகழாது. இக்குறையை நிரப்பவே டயர்களிற் சங்கிலி சுற்றுகின்றனர். உள்ளே, உறையாத கல்சியங் குளோரைட்டுக் கரைசலை நிரப்பிப் பாரம் ஏற்றுகின்றனர். மேலும், தகடு பின்னால் இருப்பதால் இயந்திரம் முதலிற் பனிக்குள் நுழைந்து, தன் சில்லுகளால் அதனை மிதித்து இறுக்கிவிட்டே பின் வாருகின்றது. மிதிபட்ட இரு தடங்களும் எளிதிற் பெயரா. ஆதலின் அனுபவமுள்ளோர் பெருமழைப்பனி நிற்குமளவும் காத்திராது, 4, 5 அங்குலம் வீழ்ந்தவுடனேயே இறங்கி, இரவில் இருமுறை மும்முறை வாருவர். ஆழ்ந்த பனியாயின் பின்னோக்கித் தள்ளுவதே வழி. அப்போது கழுத்தைத் திருப்பியவாறே ஓட்டவேண்டும். மறைந்த கல்லில் மோதினால் கீழ்க்கோல் வளைந்துவிடும்.

இவற்றினும் நுட்பமான தொல்லை ஒன்றுண்டு. 9 என், 8 என் இரண்டிலும் எண்ணெய்ப் பம்பு கிளச்சுக்குப் பின்னாலிருந்து வலுப்பெறுகின்றது. கிளச்சை மிதித்தவுடன் பம்பும் நின்றுவிடும். வயலில் இது பெருங்குறையன்று. சாலின் முடிவில் ஒருமுறை தூக்கினாற் போதும். பனி வாருபவனோ இரண்டு நிமிடத்துக்கொருமுறை நின்று, தகட்டைத் தூக்கி, கியரை மாற்றிப் பின்வாங்கவேண்டியவன். ஆகவே வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெம்புகோலை உயர்த்தி, தகடு எழுந்தபின் கிளச்சை மிதிக்கும் பழக்கம் கைவரவேண்டும். 9 என்னில் தகட்டை இடைப்பட்ட உயரத்தில் நிறுத்துவதும் அரிது. அந்த வசதி 8 என்னிலேயே சேர்ந்தது. 1953இல் வந்த அடுத்த இயந்திரத்திற் பம்பு எஞ்சினோடு நேரே பொருத்தப்பட்டது. வழக்கின் தீர்ப்பால் போர்ட் நிறுவனம் பழைய அமைப்பைக் கைவிட நேர்ந்ததும் இம்மாற்றத்துக்கு ஒரு காரணம். நீதிமன்றப் பூசலால் கமக்காரன் பெற்ற நன்மை என இதனைச் சொல்லலாம். குளிர் தரும் வேறொரு இடையூறு, பல்லாண்டு வெளியில் நின்ற இயந்திரத்தின் எண்ணெயோடு மழைநீர் கலந்து உறைந்துபோதல். அன்று காலை உயர்த்தி அசையாது.

ஏனைய நிறுவனங்கள் பேர்குசனின் காப்புரிமையைத் தவிர்க்க வெவ்வேறு இணைப்புகளை வகுத்தன. இன்ரநஷனல் ஹாவெஸ்ரர் இருமுனை இணைப்பொன்றை விற்றது. அலிஸ் சாமேர்ஸ், கேஸ் ஆகியவையும் தத்தமக்கென ஒன்றை வைத்திருந்தன. 1960இல் ஜோன் டியர் நிறுவனத்தின் புதிய இயந்திரங்கள் மும்முனை இணைப்போடு வந்தபின், மற்றவை ஒவ்வொன்றாய் மறைந்தன. 1950களில் அவ்விணைப்புகளை நம்பி வாங்கியவனின் இயந்திரம் ஓடக்கூடியதாயினும், அதற்குப் பொருந்தும் தகடு கிடைப்பதரிது. 1939இன் 9 என்னுக்கோ இன்று புதிதாய்ச் செய்த தகடும் பொருந்தும். அதன் நீடித்த வாழ்வுக்குக் காரணம் இதுவேயன்றி, இருபது சொச்சப் பரிவலுவன்று.

பேர்குசன் தடுத்த மரணம் ஒன்று, தடுக்காதது வேறொன்று. கருவி மூன்று கோல்களிலும் பூட்டியிருக்க, அஃது இழுபடும்போதே அவருடைய காப்பு உண்டு. உறைந்த சரிவிற் பக்கமாய் வழுக்கும் இயந்திரத்தை அது தாங்காது. சுவீடன் 1959இல் புதிய உழவியந்திரங்களுக்குக் காப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கிற்று. அதற்கு முற்பட்ட சாம்பல் நிற இயந்திரங்களில் ஓட்டியின் தலைக்கு மேல் ஒன்றுமில்லை. இருந்தும், முதியோர் பலர் அதே இருக்கையில் அமர்ந்து இருளில் வேலை செய்கின்றனர்.

குளிர்காலத்தின் முதற் பனியை ஒழுங்கையின் விளிம்புக்கு அப்பாலும் நெடுந்தூரம் தள்ளி வைப்பது அவர்களின் முறை. அருகிலே விட்டால் அக்குவியல் உறைந்து மதிலாகி, மாசி மாதத்தில் வாருவதற்கு இடமில்லாமற் போகும். நிலம் உறையுமுன் தகட்டைத் தரையில் அழுந்தவிட்டால் சரளைக் கல்லும் பனியோடு சேர்ந்து போகும். சித்திரையிற் பனி உருகியபின் அக்கற்கள் புல்வெளியிற் பரந்து கிடக்கக் காணலாம். அவற்றை மீட்டெடுக்கத் தகடு உதவாது; கையில் வாரியோடு குனிந்தே சேர்க்கவேண்டும்.