கோரமண்டலியானம்

திண்டிவனம், அனந்தபுரம் பக்கத்து ஏரிக்கரைகளிலும் நெல்வயல் வரப்புகளிலும் கோரைத்தாளைப் பற்றிக்கொண்டு, சிறகுகளை முதுகின்மேல் கூட்டி வைத்து, புள்ளியோ கோடோ இல்லாத மஞ்சள் வாலோடு அமர்ந்திருக்கும் ஆண் ஊசித்தும்பியின் இனத்துக்குப் பிராணி சாஸ்திரம் இட்ட நாமம் செரியாகிரியான் கோரமண்டலியானம்.

இதன் பிற்பகுதி நம் சொத்தே. சோழமண்டலம் என்னும் சொல், ழகரத்துக்கு நா வளையாத ஐரோப்பியர் வாயில் ரகரம் ஏற்று, அவர்கள் எழுத்துக்கூட்டலில் சகரம் ககரமாக வாசிக்கப்பட்டுக் கோரமண்டலமாயிற்று என்பதே அறிஞர் பெரும்பாலோர் துணிபு. 'உரியது' என்று பொருள்படும் லத்தீன் விகுதி பின்னர் ஒட்டியது.

லின்னேயஸின் மாணாக்கரான டேனிஷ் அறிஞர் ஃபேப்ரீஷியஸ் 1798-இல் இதனை அக்ரியான் என்னும் பேரினத்தில் வைத்து வர்ணித்தார். பெல்ஜியத்துச் செலி லோஞ்சாம் 1876-இல் செரியாகிரியான் என்னும் புதுப் பேரினத்தை வகுக்கவே தும்பி இடம் மாறியது. சிற்றினப் பெயரோ மாறவில்லை. இவ்வாறு பேரினம் மாறிய ஜீவராசிக்கு முதலில் பெயரிட்டவரை அடைப்புக்குறிக்குள் எழுதுவது விதியாதலால், ஃபேப்ரீஷியஸ் இன்றும் இரு வளைகோடுகளுக்கிடையே வாசம் செய்கிறார்.

தொண்டைமண்டலம் சோழராட்சியில் ஜயங்கொண்ட சோழமண்டலம் எனப்பட்டதும், திண்டிவனத்தைச் சூழ்ந்த ஓய்மாநாடு அதில் அடங்கியதும் சாசனங்களால் தெரிவதால், இவ்வூர்த் தும்பிக்கு இப்பெயர் முற்றும் பொருந்தும். இலங்கையிலும் வட இந்தியாவிலும் பறப்பவற்றுக்கு அது குறுகிய பெயர்தான். ஆயினும் பொருத்தமின்மை பற்றி ஒரு பெயரை நீக்க விதி இடந்தருவதில்லை.