கயிறும் தவக்குலும்: முத்துக்குளித்த கரை மராத்தான் ஓடுவோருக்குச் சொல்வது

நெடுந்தூர ஓட்டம் இன்று நம் சமூகத்து வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. ஸுப்ஹுத் தொழுகையை முடித்துவிட்டு, பள்ளிவாசலிலிருந்து நேரே சாலைக்குச் சென்று ஓடிப் பழகும் இளைஞர்கள் பெருகி வருகின்றனர். அவர்களின் இலக்கு மராத்தான். அதன் தொலைவு 42.195 கிலோமீட்டர். இதைப் பற்றி நம் வீடுகளில் இருவகைப் பேச்சு எழுகிறது. “உடம்பை வருத்தி ஓடுவதால் மறுமைக்கு என்ன பயன்?” என்பது பெரியவர்களின் கேள்வி. “ஈமான் உறுதியாக இருந்தால் உடம்பு தானாக ஓடும்” என்பது இளையவர்களின் பதில். இவ்விரு பேச்சுக்கும் விடை தேட நாம் தொலைவு போக வேண்டியதில்லை. தூத்துக்குடியிலிருந்து கீழக்கரை வரை நீளும் முத்துக்கரையின் வரலாற்றில் அந்த விடை இருக்கிறது.

இக்கரையில் உடலின் எல்லையைத் தொட்டுப் பிழைத்தவர்கள் முத்துக்குளித்தவர்கள். கொற்கை முத்தின் புகழ் சங்க காலத்தது. தாமிரபரணியின் கழிமுகத்தில் கொற்கை தூர்ந்தபின் காயல் தலையெடுத்தது. 1290களில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் காயலுக்கு வந்ததை எழுதியுள்ளார். பாண்டியரின் அவையில் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்ற முஸ்லிம் அமைச்சர் இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவு செய்துள்ளார். பின்னர் போர்ச்சுக்கீசியர் வந்தனர். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமானது. அதன்பின் ஆங்கிலேயர் ஆண்டனர். கொடிகள் மாறினாலும் கடலுக்குள் இறங்கிய மனிதர் மாறவில்லை. தூத்துக்குடியின் பரதவரும் கீழக்கரையின் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக அதே பார்களில் மூழ்கினர். முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர்.

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடப்பதன்று. சிப்பி முற்றியிருக்கிறதா என்று பார்களைச் சோதித்தறிந்த பிறகே சலாபம் அறிவிக்கப்படும். சில ஆண்டுகள் தொடர்ந்து நடக்கும். பிறகு பல ஆண்டுகள் சிப்பியே இராது. கடல் அமைதியாக இருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களை ஒட்டியே வேலை நடக்கும். நள்ளிரவில் கரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள் புறப்படும். விடிந்ததும் குளிப்பு தொடங்கும். நண்பகலுக்குப்பின் கடற்காற்று வீசும்போது தோணிகள் கரை திரும்பும். அரசு நடத்திய சலாபங்களில் எடுத்த சிப்பியை மூன்று கூறாக்கி, இரண்டை அரசு எடுத்துக்கொள்ளும். மீந்த ஒரு கூறே குளித்தவர்களின் கூலி. அதில் முத்து இருக்குமா என்பது திறந்து பார்க்கும்வரை எவருக்கும் தெரியாது.

குளிக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆழம் ஏறத்தாழ ஐந்து முதல் பத்துப் பாகம் வரை இருக்கும். ஒரு பாகம் ஆறடி. கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி, கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குளிப்பவர் இறங்குவார். அரபு வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் மூக்கில் கொம்பாலான கவ்வி அணிந்தனர். நம்மவருக்குத் தம் விரல்களே கவ்வி. அடியைத் தொட்டதும் கல் மேலே இழுக்கப்படும். அவர் சிப்பிகளைத் திரட்டிப் பையில் இடுவார். மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டுவார். தோணியில் இருப்பவர் உடனே இழுத்துத் தூக்குவார். ஒரு கல்லுக்கு இருவர் உண்டு. ஒருவர் மூழ்கினால் மற்றவர் இளைப்பாறுவார். இவ்வாறு நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது முறை இறங்கினர் என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன. மூக்கிலும் காதிலும் இரத்தம் கசிவது அவர்களுக்குப் புதிதன்று.

இவர்களைப் பற்றிக் கட்டுக்கதைகளும் பரவின. 1803இல் இலங்கை பற்றிய நூலை வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல், நீருக்கடியில் நான்கு, ஐந்து நிமிடம் இருப்போரும் உண்டு. ஆறு நிமிடம் இருந்தவரும் உண்டு என்று எழுதினார். பின்வந்த அதிகாரிகள் கடிகாரத்தைக் கையில் வைத்து அளந்தபோது, பெரும்பாலான மூழ்கல் ஒரு நிமிடத்தை ஒட்டியே முடிந்தது. இதில் நமக்கு ஏமாற்றம் ஏதுமில்லை. நாற்பது முறை இறங்க வேண்டியவர் முதல் மூழ்கலிலேயே தம் வீரத்தைக் காட்டினால் நண்பகலைக் காணமாட்டார். அளவறிந்து மேலே வந்ததுதான் அவருடைய திறம்.

அச்சத்துக்கு அவர்கள் தேடிய மருந்து ஒன்று உண்டு. மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன ‘கடல்கட்டி’ இன்றித் தோணிகள் கடலேறாத காலம் இருந்தது. மார்க்கோ போலோ காலத்திலேயே இவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. அரசனுக்குப் பத்திலொரு பங்கு, மந்திரக்காரருக்கு இருபதிலொரு பங்கு என்றும், பகலில் போட்ட கட்டை இரவில் அவிழ்த்துவிடுவார்கள் என்றும் அவர் எழுதினார். முஸ்லிம்களும் கடல்கட்டியின் சொல்லுக்காகக் காத்திருந்ததை ஆங்கிலேயர் குறிப்புகளில் காண்கிறோம். இதை மறைத்துப் பயனில்லை. உயிரைப் பணயம் வைக்கும் ஏழையின் அச்சம் அவரை எங்கெங்கோ கொண்டு சேர்க்கும்.

எனினும் அதே தோணியில் மார்க்கம் ஏற்கும் இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. அது அந்தக் கயிறு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்பு ஒப்படைப்பதா, அவிழ்த்துவிட்டு ஒப்படைப்பதா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைத் திர்மிதீயில் காண்கிறோம். கயிற்றைச் சோதித்து, கல்லை முடிந்து, நம்பகமான ஒருவர் கையில் மறுமுனையைக் கொடுத்துவிட்டு ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி இறங்குவதே தவக்குல். கயிறு பிடிக்க மனைவியின் உடன்பிறந்தவரையே அமர்த்துவார்கள் என்று நம் கரையில் பெரியவர்கள் சொல்வதுண்டு. தன் சகோதரி கைம்பெண் ஆகக் கூடாதென்ற கவலை மச்சானின் கையைத் தளரவிடாது என்பது அதன் பொருள்.

இனி ஓட்டத்துக்கு வருவோம். ஓட்டம் நம் மார்க்க வரலாற்றுக்கு அந்நியமானதன்று. ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே அன்னை ஹாஜர் (அலை) ஏழு முறை விரைந்ததன் நினைவு ஸஃயாக ஹஜ்ஜிலும் உம்ராவிலும் நிலைபெற்றுள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதும், முதலில் அன்னை வென்றதும், பின்னொருமுறை நபியவர்கள் வென்று, அதற்கு இது ஈடு எனச் சொன்னதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. தூ கரத் போரிலிருந்து மதீனா திரும்பும் வழியில், அன்ஸாரி ஒருவர் பந்தயத்துக்கு அழைத்தபோது, ஸலமா பின் அல்அக்வஃ (ரலி) நபியவர்களிடம் அனுமதி பெற்று ஓடினார். தொடக்கத்தில் ஓரிரு மேடுகள் வரை மூச்சைக் காப்பதற்காகத் தம்மை அடக்கிக்கொண்டார் என்றும், பிறகே விரைந்து சென்று அவரை எட்டிப் பிடித்தார் என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மூச்சை அளந்து செலவிடும் இந்த அறிவும் நம் முத்துக்குளிப்பவரின் அறிவும் ஒன்றே.

எல்லை மீறி உடலை வருத்துவதை நபியவர்கள் விரும்பவில்லை. பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருப்பதை அவர்கள் ஒருமுறை கண்டார்கள். தொழுது களைத்தால் பிடித்துக்கொள்வதற்காக அன்னை ஸைனப் (ரலி) கட்டியது அது. அதை அவிழ்க்கச் சொல்லி, உற்சாகம் உள்ளவரை தொழட்டும், களைத்தால் அமரட்டும் என்றார்கள். வணக்கத்திலேயே இந்த அளவு வேண்டுமெனில், நாமே விரும்பி மேற்கொள்ளும் ஓட்டத்தில் எத்தனை அளவு வேண்டும்? களைத்தபின்னும் தம்மைத் தாங்கிப்பிடிக்கக் கட்டிய கயிறு அவிழ்க்கப்பட்டது. எல்லை வந்ததும் மேலே இழுக்கும் கயிறோ உயிரைக் காக்கிறது. இந்த வேறுபாட்டை இளையவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

அண்மைக்கால வரலாறும் இதையே காட்டுகிறது. அல்ஜீரியாவில் பிறந்த பூகெரா எல் உவாஃபி பாரிஸில் ரெனால்ட் தொழிற்சாலையில் உழைத்தவர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் மராத்தானில் பிரான்சுக்காக ஓடினார். நெடுநேரம் முன்னணியில் இல்லாமல் பின்தங்கியே ஓடி, இறுதிப் பகுதியில் ஒவ்வொருவராகக் கடந்து, 2 மணி 32 நிமிடம் 57 நொடியில் தங்கம் வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக் ரமளானில் வந்தது. பிரிட்டனின் மோ ஃபாரா அப்போது நோன்பைப் பின்னர் நிறைவேற்றிக்கொள்வதாகச் சொல்லிப் போட்டியிட்டார். 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்று, ஓடுதளத்திலேயே ஸஜ்தாவில் விழுந்தார். நோன்பை ஒத்திவைத்த அவருடைய முடிவு குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். அந்த ஸஜ்தாவைக் கண்டு மகிழாத முஸ்லிம் வீடு குறைவு. அத்தகைய வீரரும் 2014 ஏப்ரலில் லண்டனில் தம் முதல் முழு மராத்தானை ஓடியபோது எட்டாவதாகவே வந்தார். தொலைவு எவருடைய பதக்கத்தையும் பார்த்து இரங்குவதில்லை.

முதல் மராத்தானுக்கு ஆயத்தமாகும் நம் பிள்ளைகளுக்குச் சில சொல்வோம். நிய்யத்தைச் சீர்செய்யுங்கள், உடல் அல்லாஹ் தந்த அமானிதம், அதைப் பேணவே ஓடுகிறோம் என்று எண்ணுங்கள். மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டுங்கள். குறைவாயினும் தொடர்ந்து செய்யும் செயலே அல்லாஹ்வுக்கு உவப்பானது. இருள் பிரியுமுன் தொடங்கும் ஓட்டங்களில் ஸுப்ஹு நேரம் வழியிலேயே வந்துவிடும். எங்கே நின்று தொழுவதென்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையால் ஒளு முறியாது. ஐந்து நிமிடம் தாமதித்தால் ஓட்டமும் கெடாது. நீண்ட பயிற்சிகளை ரமளான் பகலில் வைக்காதீர்கள். நெஞ்சில் வலியோ தலைச்சுற்றலோ வந்தால் நின்றுவிடுங்கள். அதில் ஈமானுக்குக் குறைவில்லை. உங்கள் உடல் மீது உங்களுக்குக் கடமை உண்டென்பது நபிமொழி.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முத்துக்குளித்தவர் தனியே இறங்கவில்லை; மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருந்தார். ஓடும் பிள்ளையின் கயிறு இன்று உங்கள் கையில் இருக்கிறது. மருத்துவரிடம் ஒருமுறை காட்டி வரச் சொல்வதும், விடிகாலையில் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கொடுப்பதும், ‘போதும், இன்று ஓய்வெடு’ என்று சொல்வதும் கயிறு பிடிப்பதுதான். பெண்பிள்ளைகள் நடக்கவும் ஓடவும் விரும்பினால், கண்ணியமான இடத்தையும் நேரத்தையும் அமைத்துத் தருவது நம் பொறுப்பு. நபியவர்களுடன் ஓடியவரும் ஒரு பெண்மணியே.

1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் தொடர்ந்து நடந்த சலாபங்களோடு பெருமுத்துக்குளிப்பு முடிவுக்கு வந்தது. சங்கு குளிப்போர் மட்டும் இன்றும் அக்கடலில் இறங்குகின்றனர். அன்றைய குளிப்பாளிகள் வயிற்றுக்காக உயிரைப் பணயம் வைத்தனர். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நாம் விரும்பி ஓடுகிறோம். வேண்டும்போது நிற்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அந்த உரிமையும் ஒரு நிஃமத் என்று உணர்ந்து ஓடுவோம். நம் மூச்சையும் வலிமையையும் நன்மையான வழியில் செலவிட வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.