செயலும் நலமும்
தொழில்வழிச் சிகிச்சை வளர்ந்த வரலாறு

ஒரு சமுதாயம் தன் நோயாளரை நடத்தும் முறையைக் கொண்டு, அச்சமுதாயம் உழைப்பை எவ்வாறு மதிக்கின்றது என்பதையும் நாம் அறிந்துகொள்ளலாம். இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது தொழில்வழிச் சிகிச்சையின் வரலாறாகும். பாரிசவாதத்தாற் கை தளர்ந்தவர் மீண்டும் தம் கையாலேயே உண்ணவும் உடுக்கவும், விபத்தில் உறுப்பிழந்தவர் வீட்டிலும் வெளியிலும் நடமாடவும், மனநோயிலிருந்து மீள்பவர் அன்றாட வாழ்வின் ஒழுங்கை மறுபடி பெறவும் துணைசெய்வது இச்சிகிச்சை. செயற்படுதல் மனிதனுடைய நலத்துக்கு இன்றியமையாதது என்பதே இதன் அடிப்படைக் கருத்து. கருத்து எளியது. ஆயின், அச்செயலின் நோக்கத்தை வகுப்பவர் யார், அதன் பயனை நுகர்பவர் யார் என்னும் கேள்விகள் எளியன அல்ல. இருநூறு ஆண்டு வரலாறு இவ்விரு கேள்விகளையும் சுற்றியே நடந்துள்ளது.

இதன் தொடக்கத்தைப் பிரான்சியப் புரட்சிக் காலத்திலே காண்கின்றோம். 1793இல் பிலிப் பினெல் என்னும் வைத்தியர் பாரிஸ் நகரத்துப் பிசேத்ர் விடுதியின் பொறுப்பை ஏற்றார். மனநோயாளர் அங்கே சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர். அச்சங்கிலிகளைக் களைந்தவர் பினெலே என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. உண்மையில் 1797இல் பிசேத்ரில் அதனைச் செய்தவர் அவ்விடுதியின் மேற்பார்வையாளரான ழான் பத்தீஸ்த் புசென். தோல் பதனிடும் தொழிலாளியாயிருந்து, நோயாளியாக அவ்விடுதிக்கு வந்து, பின்பு அங்கேயே ஊழியரானவர் அவர். வரலாறு வைத்தியரின் பெயரைப் பொறித்துவிட்டுத் தொழிலாளியின் பெயரை ஓரத்தில் ஒதுக்கியது.

பினெல் 1801இல் வெளியிட்ட நூலிலே ஸ்பானிய நாட்டுச் சரகோசா நகர விடுதியைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அங்கே வயலிலும் தோட்டத்திலும் வேலைசெய்த நோயாளர் பலர் குணமடைந்தனர். உடலுழைப்பை இழிவெனக் கருதி ஒதுங்கிய பிரபுக்களோ நோயிலேயே கிடந்தனர். பிறரின் உழைப்பில் வாழ்வதையே பெருமையாகக் கொண்ட வர்க்கத்தினருக்கு அப்பெருமையே தடையாயிற்று. இங்கிலாந்தில் வில்லியம் ரியூக் என்னும் தேயிலை வணிகர் 1796இல் யோர்க் நகரிலே திறந்த 'றிட்ரீற்' இல்லமும் தையல், தோட்டவேலை, உரையாடல் ஆகியவற்றைச் சிகிச்சையின் பகுதியாக்கியது.

ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேரளவான மனநோயாளர் விடுதிகளிலே இக்கருத்து உருமாறிற்று. வயலை உழுதவரும், சலவை செய்தவரும், சமைத்தவரும், துணி தைத்தவரும் நோயாளரே. அவ்வேலைக்கு ஊதியம் இல்லை. விடுதியின் செலவு குறைந்தது. அக்குறைப்புக்குச் 'சிகிச்சை' என்று பெயரிடப்பட்டது. நன்றாக வேலைசெய்பவரை விடுவிப்பது விடுதிக்கு நட்டம் என்ற நிலையும் தோன்றியது. நோயாளியை விடுவிக்க வந்த கருத்தே அவனை உள்ளே வைத்திருக்கும் கருவியாயிற்று.

இதற்கு எதிரான புதிய ஊற்று, ஆலைத்தொழில் பெருகிய நகரங்களிலிருந்து எழுந்தது. இயந்திரத்தின் முன் ஒரே அசைவை நாள் முழுவதும் செய்யும் தொழிலாளி, தான் ஆக்கும் பொருளோடு உறவற்றுப்போவதை இங்கிலாந்தின் சோஷலிசவாதியும் கலைஞருமான வில்லியம் மொறிஸ் கண்டித்தார். அவர் வழிவந்த கைவினை இயக்கம் அமெரிக்காவிலும் பரவிற்று. சிக்காகோ நகரில் ஜேன் அடம்ஸ், எலன் கேற்ஸ் ஸ்ரார் ஆகிய இரு பெண்கள் 1889இல் தொடக்கிய ஹல் ஹவுஸ், குடியேறிய ஏழைத் தொழிலாளர் கூடும் நிலையமாயிற்று. 1897இல் அந்நகரின் கைவினைச் சங்கம் அங்கேதான் தோன்றியது. இச்சூழலோடு தொடர்புகொண்ட எலினோர் கிளார்க் ஸ்லாகிள், மனநோயாளருக்குப் பயனுள்ள செயல்களைக் கற்பிக்கும் பயிற்சியை வளர்த்தார்.

1917 மார்ச்சில் நியூயோர்க் மாநிலத்துக் கிளிப்ரன் ஸ்பிறிங்ஸ் என்னும் ஊரிலே அறுவர் கூடித் தொழில்வழிச் சிகிச்சைக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். ஸ்லாகிள் அவர்களுள் ஒருவர். கூட்டத்தைத் தம் இல்லத்திலே கூட்டியவர் ஜோர்ஜ் பார்ற்றன் என்னும் கட்டடக் கலைஞர். காசநோயும் பாரிசவாதமும் கண்டு, தோட்டவேலையையும் தச்சுவேலையையும் துணையாகக் கொண்டு தம்மைத் தாமே மீட்டவர் அவர். புசெனைப் போலவே இவரும் முதலில் நோயாளி என்பது குறிப்பிடத்தக்கது. அடுத்த மாதமே அமெரிக்கா முதலாம் உலக யுத்தத்தில் இறங்கியது. புதிய தொழிலின் பெண்கள் காயமுற்ற படைவீரரைப் பராமரிக்கச் சென்றனர். எனினும் அவர்களுக்கு இராணுவத் தகுதிநிலை வழங்கப்படவில்லை.

இத்துறைக்குத் தத்துவ அடித்தளம் இட்டவர் அடொல்வ் மேயர் என்னும் மனநோய் வைத்தியர். 1922இல் வெளிவந்த அவருடைய கட்டுரை வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகிய நான்கின் இசைவையே நலத்தின் தாளமாகக் கண்டது. தமிழ் இலக்கணம் பயின்றோருக்கு இது வியப்பளிக்காது. தொழிற்பெயர் என்று நாம் வழங்கும் வகையுள் உழுதலும் அடங்கும். ஆடலும், உண்ணலும், உறங்கலும் அடங்கும். கூலி பெறும் வேலையை மட்டும் தொழில் என்று சுருக்கியது பிற்கால வழக்கு.

இச்சுருக்கம் எத்துணைக் கொடுமைக்கு இடந்தரும் என்பதை ஜேர்மனி காட்டிற்று. குற்றர்ஸ்லோ நகர வைத்தியர் ஹேர்மன் சைமன், நோயாளரைச் செயலில் ஈடுபடுத்தும் முறையை 1929இல் நூலாக்கினார். அது ஐரோப்பாவில் மதிப்புப் பெற்றது. பத்தாண்டின் பின்னர் நாசி அரசு விடுதிகளுக்கு அனுப்பிய படிவங்கள், ஒவ்வொரு நோயாளியும் என்ன வேலை செய்கிறார் என்று வினவின. அவ்விடை உயிரா சாவா என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல்களுள் ஒன்றாயிற்று. 1940 ஜனவரி முதல் 1941 ஓகஸ்ற் வரை 70,000க்கு மேற்பட்டோர் நச்சுவாயுவாற் கொல்லப்பட்டனர். உற்பத்தித் திறனே மனிதனின் மதிப்பு என்று கொள்ளும் சிந்தனை இறுதியிற் சென்றடைந்த இடம் இதுவே.

அதே காலப்பகுதியில் ஒஸ்திரியாவில் நடந்த ஓர் ஆய்வு, பிரச்சினையின் மறுபக்கத்தைக் காட்டியது. வியன்னாவுக்கு அண்மையிலுள்ள மரியன்தால் என்னும் ஊரில் நெசவாலை மூடப்பட்டதும் ஊர் முழுவதும் வேலையிழந்தது. மரீ யஹோடா, போல் லசாஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரும் அவர்தம் தோழரும் 1931-32இல் அங்கே ஆராய்ந்து, 1933இல் நூல் வெளியிட்டனர். நேரம் பெருகியபோது வாசிப்பும் பெருகும் என்று எவரும் எண்ணுவர். ஆனால், கட்டணமின்றி நூல் வழங்கப்பட்டபோதும், தொழிலாளர் நூலகத்தில் இரவல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆண்களின் நடை தளர்ந்தது. பலர் கடிகாரம் வைத்திருப்பதையே விட்டனர். வீட்டுவேலை ஓயாத பெண்களின் நாளுக்கு மட்டும் ஓர் ஒழுங்கு எஞ்சியது. சோஷலிசவாதியான யஹோடாவை 1936இல் அரசு சிறையிட்டது. வேலையின்மை பறிப்பது கூலியை மட்டுமன்று என்று அவ்வூர் கற்பித்தது. நேரத்தின் வடிவமும், பிறரோடு கூடிச் செய்யும் நோக்கமும், தான் வேண்டப்படுபவன் என்ற உணர்வும் கூலியோடு சேர்ந்தே பறிபோயின.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் இத்துறை உலகளாவியதாயிற்று. 1952இல் அதன் உலகச் சம்மேளனம் தோன்றியது. ஆயின், மூட்டையும் தசையையும் தனித்தனியே அளக்கும் போக்கு வலுப்பெற, முழுமனிதன் பின்தள்ளப்பட்டான். மேரி றைலி 1961இல் ஆற்றிய விரிவுரை இப்போக்கைக் கேள்விக்குள்ளாக்கித் துறையை அதன் மூலக்கருத்துக்கு மீள அழைத்தது. ஊதியமற்ற உழைப்புக்கும் கேள்வி எழுந்தது. 1973இல் சௌடர் - பிரெனன் வழக்கிலே அமெரிக்க நீதிமன்றம், விடுதிக்குப் பயன்தரும் வேலை செய்யும் நோயாளரும் ஊழியர் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியர் எனத் தீர்ப்பளித்தது. ஊதியம் கொடுக்க விரும்பாத பல விடுதிகள் அவ்வேலைகளையே நிறுத்தின. சிகிச்சை என்று கூறப்பட்டது எவருக்காக நடந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நேரத்தை நிரப்புவதும் வாழ்வில் ஈடுபடுவதும் ஒன்றோ என்பதையும் ஆய்வு சோதித்தது. லொஸ் ஏஞ்சல்ஸில், அரசு உதவியளிக்கும் குடியிருப்புகளைச் சேர்ந்த 361 முதியோரை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 1997இல் வெளிவந்தது. தம் அன்றாட வாழ்வைத் தாமே ஆராய்ந்து, தமக்குப் பொருளுள்ள செயல்களைத் தெரிந்தெடுக்கச் சிகிச்சையாளரின் துணை பெற்றோர் நலனடைந்தனர். வெறும் பொழுதுபோக்கில் ஈடுபடுத்தப்பட்டோருக்கும் எதுவும் வழங்கப்படாதோருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. செயல் தன்னுடையதாயிருக்கும்போதே மருந்தாகின்றது.

2001இல் உலக சுகாதார நிறுவனம் தன் புதிய வகைப்பாட்டிலே 'பங்கேற்பு' என்பதை நலத்தின் கூறுகளுள் ஒன்றாக்கியது. ஒருவரின் இயலாமையை அவருடைய உடலோடு மட்டும் நிறுத்தாமல், அவரைச் சூழ்ந்த தடைகளோடும் சேர்த்து நோக்கியது. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. நீண்ட யுத்தம் எத்தனையோ பேரின் அவயவங்களைப் பறித்த நாட்டில் இக்கையொப்பம் வெறும் சடங்காகிவிடலாகாது. செயற்கைக் கால் கொடுத்தல் தொடக்கமே. அக்காலோடு ஒருவர் ஏறக்கூடிய பேருந்தும், நுழையக்கூடிய வாசலும், தகுந்த ஊதியமுள்ள வேலையும் இல்லையேல் சிகிச்சை பாதியிலே நின்றுவிடும்.

ஆசிரியரும் மாணவரும் இவ்வரலாற்றிலிருந்து பெறவேண்டிய பணி ஒன்றுண்டு. விளையாட்டுப் போட்டியின்போது நிழலில் உட்கார்த்தி வைக்கப்படும் பிள்ளையை நம் பாடசாலைகளில் எல்லோரும் அறிவர். அப்பிள்ளைக்கு நாம் காட்டுவது இரக்கம்; அப்பிள்ளை வேண்டுவதோ பங்கு. அதனைக் கொடுப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. என்ன செய்ய விரும்புகிறாய் என்று அப்பிள்ளையிடமே கேட்டு, அதற்கேற்ப ஆட்டத்தின் விதிகளை மாற்றும் துணிவு வேண்டும்.