பெண்டிங்க் தெருவின் சீன ஜோடுக் கடைகள்

கல்கத்தாவில் குடியேறியுள்ள தமிழர்களுக்குப் பெண்டிங்க் தெரு புதிதன்று. லால் பஜாரிலிருந்து எஸ்பிளனேடு நோக்கிச் செல்லும் அத்தெருவுக்குப் பழம்பெயர் கசாய்டோலா, அதாவது கசாப்புக்காரர் பேட்டை. கசாப்புக்காரர்கள் போன பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அங்கே சீன ஜோடுக் கடைகள் தோன்றின. அளவெடுத்து ஜோடு தைப்பதற்குக் கிழக்கிந்தியாவில் அதனினும் பெயர்பெற்ற தெரு இல்லை எனலாம். அக்கடைகள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பம். அக்குடும்பங்களின் வரலாறு, பிழைப்பை நாடி மொழி தெரியாத ஊருக்கு வந்து அதனையே ஊராக்கிக் கொண்ட மக்களின் வரலாறாகும்.

வங்கத்தில் சீனக் குடியேற்றம் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் தொடங்கியது. டோங் அச்சியூ என்னும் சீனர் பட்ஜ் பட்ஜுக்கு அருகில் ஹூக்ளிக் கரையில் நிலம் பெற்று, கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை நிறுவினார். ஆலை நிலைக்கவில்லை, அவர் பெயர் நிலைத்தது. அவ்வூர் இன்றும் அச்சிப்பூர் என்றே வழங்குகிறது. சீனப் புத்தாண்டையொட்டிக் கல்கத்தாச் சீனர்கள் ஆண்டுதோறும் அங்குள்ள அவரது சமாதிக்குச் சென்று வழிபட்டு வருகின்றனர்.

பின்னர் வந்தவர்கள் ஒரே வகுப்பினர் அல்லர். காண்டன் பகுதியினர் தச்சு வேலையில் இறங்கினர். ஹூபே மாகாணத்தார் பல் வைத்தியத்தை மேற்கொண்டனர். ஜோடுத் தொழிலைக் கைக்கொண்டவர்கள் ஹக்கா வகுப்பினர். இவர்களுள் பெரும்பாலோர் குவாங்டுங் மாகாணத்தின் மலைப்பாங்கான மெய்ஷியன் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். ஹக்கா என்ற சொல்லுக்கு விருந்தினர் குடி என்று பொருள். வடக்கிலிருந்து தெற்கே பெயர்ந்து வந்தவர்களாதலின், சீனத்திலேயே அண்டை அயலார் அவர்களுக்கு இட்ட பெயர் அது. ஆகவே, கல்கத்தாவில் கால் வைப்பதற்கு முன்னரே அவர்கள் வந்தேறிகள் என்று பெயர் பெற்றவர்கள்.

இத்தொழில் அவர்கள் கைக்குப் போனதற்கு நம் சமூகமே காரணம். தோலைத் தொடுவது தீட்டு என்று கருதி, முதலும் கடையும் வைத்திருந்த உயர்சாதியார் அதனை ஒதுக்கினர். தலைமுறை தலைமுறையாகத் தோல் வேலை செய்த மக்களுக்கோ, கைத்திறன் இருந்தும், நகரின் நடுவே கடை திறக்கப் பணமும் இல்லை. அதற்குச் சமூகம் இடங்கொடுக்கவும் இல்லை. சாதிக் கட்டுக்கு அப்பாற்பட்ட சீனர் அந்த இடைவெளியில் நுழைந்தனர். ஆங்கிலேய அதிகாரிக்கும் வங்காள வக்கீலுக்கும் ஜோடு தேவைப்பட்டது. தைப்பவர் அயல்நாட்டார் என்றால் தீட்டின் பேச்சும் எழவில்லை. நம் வீட்டில் நாமே பூட்டி வைத்த கதவு வெளியாருக்குத் திறந்திருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

இத்தொழில் வளர்ந்த முறை கவனிக்கத்தக்கது. முதலில் ஓர் இளைஞன் தனியே கப்பலேறி வருவான். உறவினன் அல்லது ஊர்க்காரன் கடையில் சோற்றுக்கும் சிறு கூலிக்கும் வேலை பழகுவான். சில ஆண்டுகளில் பணம் சேர்த்துத் தனிக் கடை வைப்பான். பிறகு தம்பியையோ மருமகனையோ வரவழைப்பான். முன்புறம் கடை, பின்புறம் பட்டறை, மாடியில் குடித்தனம். ஜப்பானியப் படையெடுப்பினால் 1930களின் இறுதியிலும் அதனை அடுத்தும் சீனம் அல்லலுற்றபோது, பெண்டிரும் குழந்தைகளும் மிகுதியாக வந்து சேர்ந்தனர். 1949-இல் அங்கு ஆட்சி மாறிய பின்னர், ஊர் திரும்பும் எண்ணமும் பலருக்கு அற்றுப்போயிற்று.

அளவெடுத்துத் தைக்கும் ஜோடு எவ்வாறு உருவாகிறது? வாடிக்கைக்காரர் ஒரு தாளின்மீது நிற்பார். அவர் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிடுவர். விரல்களின் அடிமூட்டு, புறங்கால், குதிகால் ஆகிய இடங்களை நாடாவால் அளந்து குறிப்பர். இரு பாதங்களையும் தனித்தனியே அளப்பர். ஏனெனில், எவருக்கும் இரு பாதங்களும் ஒத்திருப்பதில்லை. அவ்வளவுக்கு ஏற்பப் பாத வடிவான மரக்கட்டையைத் தேர்ந்து, எலும்பு புடைத்த இடத்தில் தோல் துண்டுகளை ஒட்டிச் சரி செய்வர். மேல்தோலை வெட்டித் தைத்து, அக்கட்டையின்மீது இழுத்துப் பிடித்து ஆணியடிப்பர். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் அடித்தோலைப் பிணைப்பர். கட்டையின் வடிவம் தோலில் படியும் வரை அப்படியே விட்டு வைத்துப் பின்னரே கழற்றுவர். கடையின் உண்மையான முதல், பெட்டியிலிருந்த பணமன்று; அந்த அளவுத் தாள்களும் மரக்கட்டைகளுமே. தந்தைக்கு அளவெடுத்த கடைக்கே மகனும் வருவான். தைப்பவனும் முன்னவன் மகனாகவே இருப்பான். துர்க்கா பூஜைக்கு முன் வங்காளக் குடும்பங்கள் புது ஜோடு வாங்க அத்தெருவுக்குத் திரண்டு வருவது வழக்கமாயிற்று.

ஜோடுக்குத் தோல் வேண்டும் அல்லவா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹக்கா குடும்பங்கள் நகரின் கிழக்கோரச் சதுப்பு நிலமான டேங்ராவில் தோல் பதனிடும் சாலைகளை அமைக்கத் தொடங்கின. இரண்டு உலக யுத்தங்களும் படைகளுக்கு வேண்டிய தோலின் தேவையைப் பெருக்கின. ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட பழைய முறையைத் தமிழர் அறிவர். டேங்ராவில் ஓங்கியதோ, குரோமிய உப்பைக் கொண்டு விரைவில் பதனிடும் முறை. அங்குக் கூலிக்கு உழைத்தவர்களுள் பெரும்பகுதியினர் பீகாரிலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட மக்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெண்டிங்க் தெருவுக்கோ 1930களில் வேறொரு போட்டி எழுந்தது. செக் நாட்டிலிருந்து வந்த பாட்டா கம்பெனி, ஹூக்ளிக் கரையில் பாட்டாநகரை நிறுவி இயந்திர ஜோடுகளை மலிவாக விற்கலாயிற்று. இருப்பினும், தம் காலுக்கென்றே தைத்த ஜோடு வேண்டுவோர் சீனக் கடைகளைக் கைவிடவில்லை.

இயந்திரம் செய்யாததை யுத்தம் செய்தது. 1962-ஆம் ஆண்டு அக்டோபரில் எல்லையில் போர் மூண்டது. இந்தியாவில் வாழ்ந்த சீன வமிசத்தினர் ஏறக்குறைய மூவாயிரம் பேர் ராஜஸ்தானத்திலுள்ள தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அஸ்ஸாம், வட வங்கப் பகுதிகளிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்கள். முதியோரும் குழந்தைகளும், இந்தியாவிலேயே பிறந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே கழித்தனர். கல்கத்தாச் சீனர் பலர் முகாமுக்குச் செல்லவில்லை என்றாலும், போலீஸ் நிலையத்தில் பதிவு செய்துகொள்ளவும், நகரை விட்டு வெளியே செல்ல அனுமதி பெறவும் வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளாக ஓர் ஊராரின் கால்களை அளந்தவன், தான் எந்த ஊரான் என்பதற்குச் சான்று காட்ட வேண்டியதாயிற்று.

அதற்குப் பின் இளைஞர்கள் வெளிநாடு செல்லத் தலைப்பட்டனர். கனடாவின் டொரோண்டோ நகரில் கல்கத்தா ஹக்காக்களின் புதிய குடியிருப்பு ஒன்று வளர்ந்தது. 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், ஆற்றையும் நகரையும் மாசுபடுத்திய தோல் சாலைகளைக் கல்கத்தாவுக்கு வெளியே பாண்டாலாவுக்கு மாற்றுமாறு ஆணையிட்டது. சுகாதாரத்தை நோக்க அத்தீர்ப்புக்கு நியாயம் உண்டு. ஆயினும் இடம் பெயர முடியாத பல குடும்பங்கள் தொழிலை விட்டன. டேங்ராவின் பழைய கட்டடங்கள் சில உணவு விடுதிகளாயின. பெண்டிங்க் தெருவில் எஞ்சிய சீனக் கடைகள் மிகச் சிலவே.

பிற மாநிலங்களில் வாழும் நாம் இவ்வரலாற்றை வெறும் வேடிக்கையாகக் கேட்க இயலாது. ஊர்விட்டு ஊர் சென்றவன் உள்ளூரார் ஒதுக்கிய வேலையை ஏற்று, அதில் தேர்ச்சி பெற்று, அவர்களுக்கு வேண்டியவனாகிறான். அவன் பெறும் இடம் உழைப்பினால் வருவது. அதனை ஒரு சட்டத்தின் வரி சில நாட்களில் அசைத்துவிடக் கூடும். எனினும், ஹக்கா ஜோடுக்காரர்களின் புகழைச் சர்க்கார் கோப்புகளில் தேடவேண்டியதில்லை. அவர்கள் தைத்த ஜோடுகளை அணிந்து மூன்று தலைமுறைக் கல்கத்தாவாசிகள் பள்ளிக்கும் கச்சேரிக்கும் கல்யாணத்திற்கும் நடந்தார்கள்.