முதலாளி யார்? வேலைச் சட்டங்களின் வரலாற்றில் ஒரு கேள்வி



கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் விஷவாயு தாக்கி இறந்துபோகிறார். உடலை வாங்க மாட்டோம் என்று நாம் மருத்துவமனை வாசலில் உட்காருகிறோம். முதல் தகவல் அறிக்கையில் யார் பெயரை எழுதுவது என்பதிலேயே பேச்சுவார்த்தை நின்றுவிடுகிறது. கட்டட உரிமையாளர் ஒப்பந்ததாரரைக் கைகாட்டுகிறார். ஒப்பந்ததாரர் மேஸ்திரியைக் கைகாட்டுகிறார். மேஸ்திரியோ, அவராகத்தான் வந்தார், அன்றைக்கு மட்டும் கூலி பேசினோம் என்கிறார். இறந்தவருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, சாதி உண்டு. அவரை வேலைக்கு வைத்தவருக்கு மட்டும் பெயர் இல்லை.

இந்த நினைவுப் பொழிவில் நாம் எடுத்துக்கொள்வது அந்தப் பெயரின் வரலாற்றை. வேலைச் சட்டங்களைத் தொழிலாளி பெற்ற உரிமைகளின் பட்டியலாகவே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். அவற்றை முதலாளியின் பக்கத்திலிருந்தும் படித்துப் பார்க்க வேண்டும். தண்டிக்க வேண்டிய காலத்தில் சட்டம் நம் மக்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தது. கூலியும் இழப்பீடும் கொடுக்க வேண்டிய காலத்தில் முதலாளி யார் என்று தெரியாமல் திணறியது. தோட்டம், ஆலை, வயல், சாக்கடை ஆகிய நான்கு இடங்களிலும் இதைக் காணலாம்.

முன்பணமும் சிறையும்

1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம், ஒரு மனிதனைத் தன் அடிமை என்று எவரும் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்றது. பண்ணை அடிமைகளாக இருந்த நம் முன்னோருக்குக் காகிதத்தில் விடுதலை கிடைத்தது. அடுத்த பதினாறே ஆண்டுகளில் 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம் வந்தது. கல்கத்தாவின் ஐரோப்பிய வணிகர்கள் கேட்டு வாங்கிய சட்டம் அது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால், முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். பணத்தைத் திருப்பித் தா, அல்லது வேலைக்குத் திரும்பு என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். இரண்டும் செய்யாதவருக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல்.

வணிகர் இருவருக்கிடையே ஒப்பந்தம் முறிந்தால் அது சிவில் வழக்கு. தொழிலாளி முறித்தால் சிறை. மலைத் தோட்டங்களுக்கு இந்தச் சட்டம் கைகொடுத்தது; அதற்கு மேலும் வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் கேட்டதால் 1903இல் சென்னை மாகாணத்தில் தோட்டக்காரர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. தோட்டத் துரைக்கும் கூலிக்கும் நடுவே கங்காணியோ மேஸ்திரியோ இருந்தார். முன்பணத்தைக் கொடுப்பவர் அவர், ஆள் சேர்ப்பவர் அவர், கூலியில் பிடித்துக்கொள்பவரும் அவர். இலங்கைத் தோட்டங்களில் இந்தக் கடன் ‘துண்டு’ என்ற சீட்டில் எழுதப்பட்டது. துண்டு இல்லாதவரை வேறு தோட்டம் சேர்த்துக்கொள்ளாது. அந்த முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. இந்தியாவில் 1859ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1925இல் நிறைவேறியது.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் அரசு ஒரு கூலியாளைத் தேடிப் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்த முடிந்தது என்பதை மறக்க வேண்டாம். இன்றைய ஒப்பந்ததாரருக்கு மூதாதை அன்றைய கங்காணி என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆலைக்குள் சாதி

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களே அதன் பலம். 1920இல் தகராறு முற்றியபோது, ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் சங்கத் தலைவர் பி.பி. வாடியா முதலானோர் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, இழப்பீடு கேட்டுத் தடையாணையும் பெற்றது. தொழிலாளரை ஒப்பந்தம் முறிக்கத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. சங்கம் வைப்பதே சட்டப்படி ஆபத்தான காரியம் என்று இந்த வழக்கு காட்டியது. என்.எம். ஜோஷி முதலானோரின் முயற்சியில் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு இதுவே உடனடிக் காரணம். பதிவுபெற்ற சங்கத்தை இப்படிப்பட்ட சிவில் வழக்கிலிருந்து அந்தச் சட்டத்தின் 18ஆவது பிரிவு காத்தது.

இது பொதுவான தொழிற்சங்க வரலாறு. அதன் மறுபக்கம் 1921இல் இருக்கிறது. அந்த ஆண்டு வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் சேரவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. எம்.சி. ராஜா நம் மக்கள் பக்கம் நின்று பேசினார். அவர்களைக் கருங்காலிகள் என்று ஒரு சொல்லில் முடித்த எழுத்துகள் உண்டு. கையிருப்பு இல்லாத சேரிக் குடும்பம் எத்தனை நாள் வேலையில்லாமல் தாங்கும், சங்கம் அவர்களைச் சமமாக நடத்தியதா என்ற கேள்விகளை அந்த எழுத்துகள் கேட்கவில்லை. முதலாளியும் அந்தப் பிளவைத் தனக்குச் சாதகமாகவே பயன்படுத்தினார். ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்கிடையே உள்ள சாதியைப் பார்க்க மறுத்தால், முதலாளி அதைப் பார்த்துக்கொள்வார்.

பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தலித்துகளை விடவில்லை. நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோர்க்க வேண்டியிருந்ததால் தீட்டு என்றார்கள். அண்ணல் அம்பேத்கர் இதைத் திரும்பத் திரும்ப எழுப்பினார். அவரே 1938இல் பம்பாய்த் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துச் சட்டமன்றத்தில் பேசினார். நவம்பர் 7ஆம் நாள் வேலைநிறுத்தத்தில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து நின்றார். வேலை செய்ய மறுப்பதைக் குற்றமாக்கினால் தொழிலாளி அடிமையாகிறான் என்பது அவர் வாதம். 1859ஐ அறிந்தவர்களுக்கு அந்த வாதத்தின் வேர் தெரியும்.

1942 ஜூலை முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை அவர் ஏற்றிருந்தார். ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48 ஆனது 1946இல். அதே ஆண்டின் நிலையாணைச் சட்டம், நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் வேலை நிபந்தனைகளை எழுதி வை, அதற்கு ஒப்புதல் வாங்கு என்று முதலாளிக்குச் சொன்னது. வேலை நேரம், விடுப்பு, தண்டனை, பணிநீக்கம் எல்லாம் அதுவரை முதலாளியின் வாய்ச்சொல்லாகவே இருந்தன. அவற்றை எழுத்தில் கொண்டுவந்ததால் மீறலை நிரூபிக்க வழி பிறந்தது. வாய்மொழி உத்தரவின் கீழ் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த நமக்கு, ஒரு தாளில் எழுதப்பட்ட நிபந்தனை என்ன பொருள் தரும் என்று விளக்க வேண்டியதில்லை.

வயலில் முதலாளி இல்லை

ஆலைச் சட்டங்கள் வயலுக்கு வரவில்லை. தஞ்சையில் 1952இல்தான் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளைக் காரணமின்றி நீக்கக் கூடாது, இவ்வளவு கூலி தர வேண்டும் என்றது. மிராசுதார்கள் பலர் அதற்குக் கண்ட வழி எளியது: பண்ணையாட்களை நீக்கிவிட்டு, அதே ஆட்களை அன்றாடக் கூலிகளாகக் கூப்பிட்டார்கள். வேலை அதே வேலை, வயல் அதே வயல். சட்டம் காக்கும் உறவு மட்டும் மறைந்துபோனது. இன்றைக்கு நிரந்தரப் பணியாளரை ஒப்பந்தப் பணியாளராக்கும் தந்திரம் நாற்பது மாடிக் கட்டடத்தில் பிறந்ததன்று.

1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும் செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும் அவர்கள் செய்தவை. எதிரே நின்றது நெல் உற்பத்தியாளர் சங்கம், அதாவது முதலாளிகளின் சங்கம். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. இடையில் 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலியைப் பற்றிச் சட்டம் வந்தது; கொலைக்குப் பொறுப்பானவர் என்று எவரும் இல்லாமல் போனார்.

திரையை விலக்கிய தீர்ப்புகள்

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ‘முதன்மை வேலையளிப்பவர்’ என்ற பெயரைச் சட்டத்தில் எழுதியது. ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் கொடுக்க வேண்டும் என்றது அதன் 21ஆவது பிரிவு. 1978இல் கோழிக்கோடு கயிற்று ஆலை வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் தெளிவாகச் சொன்னார்: யாருடைய தொழிலுக்காக உழைப்பு செலவாகிறதோ அவரே முதலாளி, நடுவில் எத்தனை ஒப்பந்ததாரர் இருந்தாலும் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும்.

1982இல் தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஜமேதார்கள் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றது தீர்ப்பு. வேலையை ஒப்பந்ததாரரிடம் விட்டதால் அரசு தப்ப முடியாது என்றும் சொன்னது. அந்த ஒரு ரூபாய், கங்காணி பிடித்த காசேதான்.

2001இல் இந்தியன் உருக்கு ஆணைய வழக்கில் காற்று திசை மாறியது. ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்றது உச்ச நீதிமன்றம். ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் சுமை கையில் காகிதம் இல்லாதவர் தலையில் விழுந்தது.

சாக்கடையும் புதிய சட்டமும்

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, கழிவுநீர்க் குழாயிலும் தொட்டியிலும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எந்த நபரும், உள்ளாட்சி அமைப்பும், முகமையும் ஆளை அமர்த்தக் கூடாது என்கிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ கூடாது. முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014இல் உச்ச நீதிமன்றம் 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், தலித்தை மலம் அள்ளும் வேலையில் அமர்த்துவது வன்கொடுமை. சட்டத்தில் இத்தனை இருந்தும், வழக்கு பெரும்பாலும் மேஸ்திரியோடு நின்றுவிடுகிறது.

2020இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பைப் பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்த 20 பேர் போதும் என்றிருந்தது 50 ஆகிவிட்டது. மையமான வேலைகளில் ஒப்பந்த முறை கூடாது என்று சொல்லிவிட்டு, துப்புரவையும் குப்பை அள்ளுவதையும் மையமான வேலையல்ல என்கிறது. அந்த வேலைக்கென்றே அமைந்த நிறுவனத்துக்கு மட்டும் விலக்கு. இந்த வரிக்குள் சாதியின் பெயர் எங்கும் இல்லை. யாருடைய வேலை மையம், யாருடைய வேலை ஓரம் என்று அது பிரித்திருப்பதைப் படிக்க நமக்கு உரையாசிரியர் தேவையில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் கட்டடத்துக்கு முன்பு தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தது, மண்டலங்களைத் தனியாருக்கு விடாதே, மாநகராட்சியே எங்கள் முதலாளி என்று சொல்வதற்காகத்தான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பகுதியில் துப்புரவு செய்பவர்களிடம் போங்கள். அடையாள அட்டையில் யார் முத்திரை, வருகைப் பதிவு யார் கையில், வண்டி யாருடையது, வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் யார், கூலி எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று கேட்டு எழுதுங்கள். கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தகுதி கோரலாம். அதற்கும் நாள் கணக்கு வேண்டும். தீர்ப்பாயத்தில் திரையை விலக்க இந்தத் தாள்கள்தான் உதவும். சாவு நடந்த பிறகு தேடினால் இவை கிடைக்காது. உயிரோடு இருக்கும்போதே முதலாளியின் பெயரை எழுதி வைப்போம். ஜெய்பீம்.